நான் வரைந்த ஏற்றம்

சைக்கிள் போட்டி எனக்கு இன்றுவரை புரிந்தபாடில்லை. புரியாதவளைத் தேடிப் பிடித்து, எங்கள் போட்டிக்கு ஒரு மலைப்பாதை வரைந்து தாருங்கள் என்று கேட்டார்களே, அந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நான் ரோட்டு இலாகாவில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு கோட்டாற்றில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து நாலைந்து பேர் வந்து நின்றார்கள். மூன்று நாள் போட்டியாம். மாதச் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிற அணிகள் வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகின்றனவாம். முதல் நாள் கடற்கரை ரோடு, மூன்றாம் நாள் நாகர்கோவில் ஊருக்குள். நடுவில் இரண்டாம் நாளுக்கு ஒரு மலை வேண்டும் என்றார்கள். சைக்கிள் ஓட்டுவதற்கும் சம்பளமா என்று முதலில் அங்கேயே எனக்கு இடித்தது. ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு ஒருத்தர் வீடு தேடி வந்து வேலை கேட்டால் மனசு இளகத்தான் செய்கிறது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

போட்டியின் தலைமை ஆள் பெங்களூரிலிருந்து வந்தவர். மறுவாரம் ஒரு ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு குலசேகரம், பேச்சிப்பாறை தாண்டி ரப்பர் எஸ்டேட்டுக்குள் போனார். அங்கே மலை ஏறுகிற ரோடு நான் வரைந்தது. அதற்கு முன்னால் இருந்த பழைய ரோடு நெட்டுக்குத்தாக ஏறும். ஊர்க்காரர்கள் அதற்கு மூச்சுமுட்டி என்று பெயரே வைத்திருந்தார்கள். ஜீப்பே அதில் திணறும். அதனால்தான் நான் மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்து, பச்சைப்பிள்ளைக்காரி நடந்து போனாலும் களைக்காத மாதிரி புது ரோடு வரைந்தேன். என் வேலைக்காலத்தில் எனக்குப் பெருமை தந்த ரோடு என்றால் அதுதான். தலைமை ஆள் அந்த ரோட்டில் இறங்கி நின்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு புல் மண்டிக் கிடந்த மூச்சுமுட்டியைக் காட்டி, "இதுதான் மேடம் வேணும்" என்றார்.

"சார், அது ஏற முடியாத ரோடு."

"ஆமா. அதனாலதான்."

எனக்குத் தலை சுற்றியது. ஏற்றத்தைக் குறைக்கத்தான் என்னை அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. இந்த மனுஷனோ ஏற்றத்தைத் தேடிக்கொண்டு அலைகிறார். புல்லை வெட்டிப் போட்டு, குழிகளை அடைத்து, அந்த ரோட்டையே போட்டிக்குத் தயார் செய்தார்கள்.

திரும்பி வரும் வழியில் எனக்குப் பாடம் எடுத்தார். மலையை நாளின் நடுவில் வைத்தால் பிந்தியவர்கள் சமதரையில் வந்து சேர்ந்துகொள்வார்களாம். கடைசியில் வைத்தால் பிந்தியவர் பிந்தியவர்தானாம். ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் ரோடு குறுக வேண்டும், அப்போதுதான் முன்னால் போக அடிதடி நடக்கும் என்றார். இறக்கத்தின் அடியில் மட்டும் ரோடு அகலமாக இருக்க வேண்டுமாம். அழகு இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தைப் பாதையில் சேர்க்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நான் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில், "முதல்ல மேலே போய்ச் சேருகிறவன்தானே ஜெயிக்கிறான்?" என்றேன். அன்றைய நாளை ஜெயிப்பது அவன்தான், ஆனால் போட்டியை ஜெயிப்பது மூன்று நாளும் சேர்த்து யாருக்குக் குறைந்த நேரமோ அவன் என்றார். ஒரு நாளும் முதலில் வராத ஒருத்தன்கூட மொத்தப் போட்டியை ஜெயிக்கலாமாம். மலை உச்சிக்கு முதலில் போகிறவனுக்கு வேறு பரிசாம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் குழப்புவார்.

இதற்கிடையில்தான் என் தங்கை மகன் விஷயம் வந்தது. எனக்கு ஒரே தங்கை. சிதறாலில் கட்டிக் கொடுத்தது. அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அவள் கொஞ்சம் ரப்பர் மரங்களோடும் ஒரு பசுவோடும் தனியாகக் கிடக்கிறாள். அவளுக்கு ஒரே மகன். அவனும் இந்தப் போட்டிக்கு வருகிற ஓர் அணியில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன்தான். வடக்கே எங்கேயோ முகாம், அங்கிருந்து வெளிநாடு, அங்கிருந்து மறுபடி முகாம் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனில் முகம் பார்ப்பதுதான். தங்கை அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, மெலிஞ்சுட்டான் மெலிஞ்சுட்டான் என்று புலம்புவாள். மெலிந்தால்தான் மலை ஏற முடியும் என்று அவன் சொன்னதை அவள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

நான்தான் பாதை வரைகிறேன் என்று தெரிந்ததும் அவன் எனக்குப் போன் செய்தான்.

"எங்க டீம் வருது பெரியம்மா. பேர் கொடுத்தாச்சு."

"அப்பம் வீட்டுக்கு வருவியா மக்கா?"

"எங்க வர? எல்லாரும் ஒரே ஓட்டல். கடைசி நாள் சாயங்காலமே திருவனந்தபுரத்துல பிளைட்டு."

"சரி, நீ இந்த மலையில ஜெயிப்பியாலே?"

அவன் சிரித்தான். "நான் ஜெயிக்க மாட்டேன் பெரியம்மா. எனக்க வேலை அது இல்ல."

"ஓட்டப் போறது பின்ன என்னத்துக்கு?"

"டீம்ல ஒருத்தன் இருக்கான். அவன் ஜெயிக்கணும். அவனுக்குத் தண்ணி கொண்டு கொடுக்கணும். அவன் மேல காத்து படாம நான் முன்னால போகணும். அவன் டயர் பஞ்சரானா எனக்க வீலைக் கழற்றிக் கொடுக்கணும்."

"கொடுத்துட்டு நீ?"

"நான் நிக்கணும். வேற வீல் வர்றவரைக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கா உங்கம்மை உன்னைப் பெத்து வளர்த்தா? அவன் யாருலே, உனக்க வீலை வாங்கிட்டுப் போறதுக்கு?" என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னான். இந்தப் போட்டி முடிந்ததும் யாரை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று அணியில் முடிவு செய்வார்களாம். மலை அன்றைக்கு அவன் தன் தலைவனுக்கு உழைக்க வேண்டும். உழைத்துவிட்டு அவனும் குறிப்பிட்ட நேரத்துக்குள் மேலே வந்து சேர வேண்டும். எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் வருமாம். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். ஏறினால் முதுகில் குத்தியிருக்கும் நம்பரைக் கழற்றிவிடுவார்களாம்.

"நான் அந்த வேனில ஏறிட்டா அவ்வளவுதான் பெரியம்மா. திரும்பி வந்து ரப்பர் பால் எடுக்க வேண்டியதுதான். அம்மைக்கிட்டச் சொல்லாதுங்க. வேண்டாத யோசனை யோசிப்பா."

போனை வைக்கும் முன்னால், "அம்மையைப் பாக்கணும் போல இருக்கு" என்றான்.

அன்றைக்கே நான் படத்தை எடுத்து விரித்தேன். பத்மநாபபுரம் அரண்மனை முன்னால் போகிற பாதை தக்கலை, மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து மெயின் ரோட்டிலேயே குலசேகரம் போவதாக இருந்தது. மார்த்தாண்டத்துக்கு அப்பால் போட்டிருந்த கோடுகளை அழித்தேன். மார்த்தாண்டத்தில் திருப்பிச் சிதறால் வழியாக, என் தங்கை வீட்டு வாசலை ஒட்டி, அருமனை போய்க் குலசேகரத்தில் சேர்த்தேன். தலைமை ஆள் பார்த்துவிட்டு எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டார். "பாறையில குடைஞ்ச பழைய சமணக் கோயில் இருக்கு சார். டிவியில நல்லாத் தெரியும்" என்றேன். உடனே சரி என்றுவிட்டார். அழகுக்காக ஓர் இடத்தைச் சேர்க்கக் கூடாது என்று பாடம் நடத்திய மனுஷன்! எனக்கு அதிலும் குழப்பம்தான். ஆனால் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள நான் அவசரப்படவில்லை. எத்தனை மந்திரிகளின் மாமனார் வீட்டுக்கு ரோடு வளைந்ததைப் பார்த்தவள் நான். ஒரு தாய்க்காக வளைந்தால் என்ன கெட்டுவிடும்?

பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். "நம்ம வீட்டு வாசல் வழியாவா பெரியம்மா? அப்பம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான். எதைப் பார்த்துக்கொள்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளை சந்தோஷப்படுகிறான் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தங்கையிடம் சொன்னதும் அவள் ஊரையே கூட்டிவிட்டாள். வாசலில் குலைவாழை கட்டினாள். செண்டைமேளத்துக்குச் சொல்லிவிட்டாள். வெடிக்கட்டு வாங்கி வைத்தாள்.

"வண்டி நிக்காதுட்டி. ஒரு நிமிஷம்கூட உனக்குக் காணக் கிடைக்காது" என்றேன்.

"நிக்கவேண்டாம். அவன் எல்லாருக்கும் முன்னால போறதை நான் ஒருக்கா கண்டாப் போதும்."

"அவன் முன்னால போறவன் இல்லட்டி. தண்ணி கொண்டு கொடுக்கிறவன்."

"நீ சும்மா இரிக்கா. எனக்க பிள்ளையைத் தண்ணி சுமக்கவா பிளைட்டுல ஏத்திக் கொண்டு போறானுவ?"

எனக்கே அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

இரண்டாம் நாள் காலையில் என்னைக் கடைசி வேனில் உட்கார வைத்தார்கள். அவன் சொன்ன அதே வேன்தான். அடைத்த ரோடுகளில் எதை எப்போது திறந்துவிடலாம் என்று போலீஸ்காரர்களுக்குச் சொல்ல ரோடு தெரிந்த ஆள் வேண்டுமாம். ஓட்டியவர் கொல்லத்துக்காரர். அந்தக் காலத்தில் போட்டிகளில் ஓட்டியவர், இப்போது வழுக்கையும் தொப்பையுமாக இருந்தார். எங்களுக்கு முன்னால் நூற்றுக்கு மேற்பட்ட சைக்கிள்கள் கலர் கலராகப் போயின. மார்த்தாண்டம் தாண்டும்போது அவற்றின் வால்கூட எங்கள் கண்ணில் படவில்லை. வாக்கிடாக்கியில் மட்டும் ஏதேதோ நம்பர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சிதறாலில் தங்கை வீட்டு முன்னால் வேன் போனபோது வெடிப்புகை இன்னும் அடங்கவில்லை. செண்டைக்காரர்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை ரோட்டின் நடுவில் வந்து நின்று வேனை மறித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. சேலை ஒதுங்கியிருப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, எனக்க பிள்ளை முதல்ல போறான். ஒத்தைக்குப் போறான். ஒரு பயலும் பக்கத்துல இல்ல. இந்த மடையன் என்ன செய்தான் அறிவியா? வாசல்ல வந்ததும் வண்டியை நிப்பாட்டிட்டான். நான் விடுவேனா? பின்னால வந்துட்டானுவ, போலேன்னு பிடிச்சுத் தள்ளி விட்டேன்."

கொல்லத்துக்காரர் இன்ஜினை நிறுத்தினார். "நின்னானா?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் அதைப் போனில் எடுத்திருந்தாள். ஜன்னல் வழியாக எங்களிடம் நீட்டினாள். படத்தில் அவன் தனியாக வருகிறான். எவ்வளவு கறுத்துப் போய்விட்டான்! அவனுக்குப் பின்னால் தூரத்தில் மொத்தக் கூட்டமும் வருகிறது. யாரும் துரத்தவில்லை. கல்யாண ஊர்வலம் மாதிரி பைய வருகிறார்கள். அவன் குலைவாழையைப் பார்க்கிறான், சிரிக்கிறான், பிரேக் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றி இரண்டு கையையும் விரிக்கிறான். என் தங்கை ஓடி வருகிறாள். அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுகிறாள். நிக்காதலே மக்கா, போ, போ என்று கத்துகிறாள். ஊரே சேர்ந்து தள்ளுகிறது. அவன் என்னவோ சொல்கிறான், செண்டைச் சத்தத்தில் கேட்கவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். பிறகு மிதித்துப் போய்விடுகிறான். பின்னால் வந்த கூட்டம் சிரித்துக்கொண்டும் கை தட்டிக்கொண்டும் கடந்து போகிறது.

கொல்லத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "சேச்சி, அது ஒரு மரியாதையாக்கும். ஒருத்தனுக்க சொந்த ஊர் வழி போகும்போ மத்தவங்க அவனை முன்னால விடுவாங்க. அவன் போய் வீட்டுக்காரங்களைக் கண்டு, கட்டிப்பிடிச்சு, ஒரு முத்தம் வாங்கிட்டு நிப்பான். மத்தவங்க பைய வருவாங்க. அந்த நேரத்துல ஒருத்தனும் போட்டி போட மாட்டான்."

"அப்பம் அவன் ஜெயிக்கலியா?" என்றாள் தங்கை.

"இல்ல சேச்சி. அவன் அம்மையைக் காண வந்ததாக்கும்."

தங்கை என்னைப் பார்த்தாள். இப்படியொரு வழக்கம் இருப்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். ஒரு மணி நேரம் மலையைப் பற்றிப் பாடம் எடுத்த தலைமை ஆள் இதைச் சொல்லவில்லை. பாத்துக்கிடுதேன் என்று சொன்ன பயல் அதையாவது விளங்கச் சொன்னானா? அவன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிதென்று தெரியவில்லை.

"அதை இன்னொருக்காப் போடு பிள்ளே" என்று அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள். மறுபடி பார்த்தாள். அவன் கை விரிக்கிற இடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மலைக்கு எப்படிப் போகணும்?" என்றாள்.

போக வழியில்லை. பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, எந்த முக்கில் போனாலும் கயிறு கட்டிப் போலீஸ் நிற்கிறது. எந்தெந்த முக்கை அடைக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தவள் நான்தான். வேனில் அணிக்காரர்களைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்று கொல்லத்துக்காரர் இழுத்தார். "இவ எனக்க கூடப் பிறந்தவ. ரோடு பாக்க எனக்குத் துணைக்கு வாறா. நீங்க வண்டியை எடும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். தங்கை எனக்கும் கொல்லத்துக்காரருக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை.

குலசேகரம் தாண்டியதும் ஒவ்வொருத்தராகக் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். ஒருத்தன் ரப்பர் மரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான். கொல்லத்துக்காரர் இறங்கிப் போய், முதுகில் குத்தியிருந்த நம்பரைக் கழற்றி, தோளில் தட்டி இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றினார். அவர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். எதற்காக மெனக்கெட்டு மனுஷனை இப்படிப் பிழிய வேண்டும், இதில் யாருக்கு என்ன சுகம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பிழிகிற ஏற்றத்தைப் பாதையில் வரைந்து கொடுத்தவளும் நானே என்பதால் வாயைத் திறக்கவும் முடியவில்லை.

மலையடியில் வாக்கிடாக்கி என் தங்கை மகனின் நம்பரைச் சொன்னது. கொல்லத்துக்காரர் எங்களுக்கு விளக்கினார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவர்கள் தலைவனுக்கு டயர் பஞ்சர். இவன் தன் வீலைக் கழற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டான். ரோடு அங்கே குறுகலாக இருந்ததால், மாற்று வீலோடு வந்த அணிக் காருக்கு முன்னால் வர வழி கிடைக்கவில்லை. வேறு வீல் வந்து சேரும் முன்னால் எல்லாரும் போய்விட்டார்கள். ரோடு குறுகட்டும் என்று கேட்டது தலைமை ஆள், குறுக்கிக் கொடுத்தது நான்.

மூச்சுமுட்டியின் முதல் வளைவில் அவனைப் பார்த்தோம். அவனுக்குப் பின்னால் இனி யாரும் இல்லை, எங்கள் வேன் மட்டும்தான். ரோட்டில் நேராக ஏற முடியாமல் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கோணல் மாணலாக மிதித்துக்கொண்டிருந்தான். முதுகெலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் அவன் பின்னால் ஊர்ந்தது. இரண்டு வருஷமாகப் பார்க்காத மகனை அவள் இப்போது ஆசை தீரப் பார்க்கலாம். முதுகை மட்டும்.

"அக்கா, அவன் கிடந்து சாவுதான். ஏறச் சொல்லு. இதுல இடம் இருக்கே."

இனி மறைத்துப் பயனில்லை என்று அவன் போனில் சொன்னதையெல்லாம் சொன்னேன். இதில் ஏறினால் நம்பர் போகும், நம்பர் போனால் வேலை போகும், திரும்பி வந்து ரப்பர் பால் எடுக்க வேண்டியதுதான் என்று அவனே சொன்னான் என்றேன்.

"வந்தா வரட்டு. எனக்க கூட இருக்கட்டு" என்றாள். பிறகு அவன் முதுகையே பார்த்துக்கொண்டு, "அவனுக்கு இதுதான் வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணும்னுதான் சொன்னான்."

"இதுல என்ன இருக்குன்னு வேணும்?"

"எனக்குத் தெரியலட்டி."

நிஜமாகவே தெரியவில்லை. அவன் வேனில் ஏற வேண்டும் என்று நினைத்தேன். ஏறக் கூடாது என்றும் நினைத்தேன். இன்னும் நேரம் இருக்கிறதா என்று கொல்லத்துக்காரரிடம் கேட்டேன். நிற்காமல் போனால் போய்விடலாம், நின்றால் கஷ்டம் என்றார்.

அந்த ரோட்டிலேயே நெட்டுக்குத்தான இடத்தில் அவன் நின்றுவிட்டான். ஒரு காலை ஊன்றி, கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையைத் தூக்கித் திரும்பி எங்கள் வேனைப் பார்த்தான். இன்னொரு காலையும் கழற்றினான். சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான்.

என் பக்கத்தில் இருந்தவளைக் காணோம். பார்த்தால், சீட்டிலிருந்து சரிந்து என் காலடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

"என்னைக் கண்டா இதுல ஏறிருவான்க்கா" என்றாள். அதற்குப் பிறகு மூச்சுக்கூட விடவில்லை.

அவன் என் ஜன்னலில் வந்து முழங்கையை ஊன்றினான். உதடு வெடித்திருந்தது. வேனுக்குள் என்னை அவன் எதிர்பார்க்கவில்லை போல, ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தான்.

"பெரியம்மா."

"என்ன மக்கா?"

"அம்மை என்னை ஏன் தள்ளினா? எம்மேல கோவமா? வராம இருந்துட்டேன்னா?"

என் காலடியில் இருந்தவள் என் கணுக்காலை இறுகப் பிடித்தாள். நகம் உள்ளே இறங்கியது. குனிந்து, இதோ இருக்கா பாரு என்று முந்தானையை விலக்கிவிடலாமா என்று இருந்தது. சத்தியமாக அதைத்தான் செய்ய நினைத்தேன். கணுக்காலில் இருந்த பிடி விடவில்லை.

"கோவமில்லலே" என்றேன். "நீ முதல்ல போறேன்னு நினைச்சுட்டா. நீ நின்னா தோத்துருவியோன்னு தள்ளி விட்டுட்டா. இந்த வழக்கமெல்லாம் அவளுக்கு எங்க தெரியும்?"

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து வெள்ளமாக ஊற்றியது. "நான் முதல்லயா?" என்றான். கொல்லத்துக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "மோனே, ஏறணும்னா ஏறு. இல்லன்னா நிக்காத. நேரம் போகுது" என்றார்.

அவன் ஜன்னலிலிருந்து கையை எடுத்தான். சைக்கிளைத் திருப்பினான். அந்த நெட்டுக்குத்தில் ஏறி உட்கார்ந்து மிதிக்க அவனால் முடியவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே ஓடி, சாய்வு குறைந்த இடத்தில் ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் நிற்கவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, போலே, மிதிலே, விடாதலே என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தேன். பின்சீட்டில் முகத்தை மூடிக் கிடந்த இரண்டு பேரும் எழுந்து அவர்கள் பாஷையில் கத்தினார்கள். கீழே இருந்தவள் மட்டும் முந்தானைக்குள்ளேயே கிடந்தாள். அவன் எங்கே போகிறான், எப்படிப் போகிறான் என்று ஒரு தடவைகூடத் தலையை உயர்த்திப் பார்க்கவில்லை.

உச்சியில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவன் அப்படியே சைக்கிளோடு சாய்ந்தான். யாரோ பிடித்துக்கொண்டார்கள். நேரம் பார்க்கிறவரிடம் கொல்லத்துக்காரர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கேட்டார். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. "அக்கா, இப்பம் எந்திரிக்கட்டா?"

"எந்திரிட்டி. எந்திரி. ஆயாச்சு."

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மலை ஏறி முடிகிறவரை குறுக்கி மடக்கி வைத்திருந்த கால் மரத்துப் போயிருந்தது. நான் பிடித்துத் தூக்கினேன், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அணிக்காரர்கள் அவனைத் தங்கள் பஸ் பக்கம் கொண்டு போகத் திரும்பினார்கள். எனக்குப் பதறியது. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "லேய், இங்க வா. இந்த வேனுக்கு வா" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். தோளில் போட்டிருந்த கைகளை விலக்கிவிட்டு, எதற்குக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமல் நொண்டி நொண்டி வந்தான்.

கதவை அவன்தான் திறந்தான்.